ஸ்டிக்கர் மாறும் வீடு

அத்தியாயம் 7

சுற்றுச்சுவரில் மஞ்சள் பெயின்ட்டால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதன் கீழே ஒரு எண். பத்தடி தள்ளி இன்னோர் அம்புக்குறி, இன்னோர் எண். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"சார், வீட்டுக்காரர் உள்ளே உயிரோட உட்கார்ந்திருக்கார். அதுக்குள்ள விக்கறதுக்கு வெளியில அளந்து முடிச்சுட்டாங்க," என்றாள் ரேடியோ.

துப்பறிவாளர் நிதானம் அம்புக்குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்த காலத்தில், தீப்பிடித்து எரியும் கிடங்குக்குக்கூட அவசரப்படாமல் நடந்தே போனவர் என்பதால் வந்த பெயர் அது. ரேடியோவின் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. பதினெட்டு வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து, அடுத்தவர் பேச்சையெல்லாம் வாயை மூடிக்கொண்டு அடித்தவள். அந்தப் பாக்கியையெல்லாம் இப்போது பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?"

"ரெண்டு பத்து. நாலு மணிக்கு டாக்டர் வர்றார். நீங்க இந்தக் கேட்டைத் தாண்டவே நாலாயிடும் போலிருக்கு."

காலையில் வீட்டுக்காரரின் வக்கீலம்மா இவர்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்ன விஷயம் இதுதான். இந்த வீட்டுப் பெரியவருக்கு வயது எண்பத்தொன்று. மனைவி போய் இரண்டு வருஷம். தனக்குப் பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்று ஆறு மாதத்துக்கு முன்பு எல்லாவற்றையும் திட்டம் போட்டு எழுதி வைத்தார். உயில் ஒன்று. வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால், கனமானதை ஆள் வைத்து நகர்த்தி, ஒரு வட்ட ஸ்டிக்கர். சிவப்பு மகனுக்கு, பச்சை மகளுக்கு. கடைசியாக ஒரு அதிகாரப் பத்திரம். பெரியவருக்குப் புத்தித் தெளிவு போய்விட்டது என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால், அந்த நிமிஷத்திலிருந்து மகன் போடும் கையெழுத்துதான் தகப்பனின் கையெழுத்து. விற்பதும் மகன் இஷ்டம், அப்பாவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதும் மகன் இஷ்டம்.

முதல் டாக்டர் போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாமவர்தான் இன்று நாலு மணிக்கு வருகிறவர். எல்லாவற்றுக்கும் காரணம், ஸ்டிக்கர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. மகளுக்கென்று வைத்த தையல் மெஷின் ஒருநாள் மகனுடையதாகியிருந்தது. மகனின் சுவர்க் கடிகாரம் மகளிடம் போயிற்று. அடுத்த வாரம் குளியலறை வாளியில் ஒரு ஸ்டிக்கர், செருப்பில் ஒரு ஸ்டிக்கர். கேட்டால் பெரியவர், "நான் மாத்தல" என்பாராம். அதையே இன்னொரு தடவை கேட்டால் பேசாமல் ஜன்னலைப் பார்ப்பாராம்.

"உயில் எழுதறப்போ ஒரு எழுத்து தப்பாச்சு," என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். "நான் ஒயிட்னரை எடுத்தேன். அதைத் தூக்கி உள்ளே வைங்கன்னு அதட்டினார். தப்பு மேல ஒரு கோடு, அதுக்கு மேல சரியான எழுத்து, பக்கத்துல கையெழுத்து. அப்படித்தான் எழுதணுமாம். ஆறே மாசத்துல அந்த மனுஷனுக்கா புத்தி கலங்கும்? எனக்கு மனசு ஒப்பலை."

கதவைத் திறந்தவன் மகன். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, கையில் தடியாக ஒரு கோப்பு.

"வாங்க சார். வக்கீலம்மா அனுப்பினாங்கன்னா தாராளமா பாருங்க. எங்க வீட்ல ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல," என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான்.

கூடத்தின் மறுகோடியில் மகள் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து இருக்கும். அழுது வீங்கிய கண். அண்ணன் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

ஜன்னலோரம் ஒரு மர நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக இருந்தது. சட்டைப் பையில் பேனா, பென்சில், சின்ன அளவுகோல். வந்தவர்களைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். சுற்றுச்சுவரின் உள்பக்கத்திலும் போட்டிருந்த மஞ்சள் அம்புக்குறி அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

கோப்பில் நாற்பத்தொரு போட்டோ. எந்தப் பொருளில் எந்த நிறம் இருந்தது, இப்போது எந்த நிறம், என்றைக்குப் பார்த்தது, எல்லாம் வரிசையாக இருந்தது.

"அப்பாவுக்கு இப்படி ஆனதுல உங்களுக்கு ரொம்ப வருத்தம் போல," என்றாள் ரேடியோ. "வருத்தத்துல பக்க எண் எல்லாம் போட்டிருக்கீங்களே."

மகன் சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

"தங்கச்சியும் நீங்களும் சேர்ந்து எடுத்த போட்டோவா?" என்று கேட்டார் நிதானம்.

"அவகூடவா? அம்மா காரியத்துக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இந்த வீட்ல நிக்கறதே இன்னிக்குத்தான் சார். தையல் மெஷின் எனக்கு வந்ததுக்கு நான்தான் காரணம்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா."

"ஊரெல்லாம் நான் சொல்லல," என்றாள் மகள் சுவரைப் பார்த்து. "அவன் வர்ற நேரத்துல நான் வர்றதில்ல. காலைல வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துட்டுப் போறேன். சாயந்திரம் மறுபடி வர்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நிதானம் தையல் மெஷினுக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். அங்கேயே வெகுநேரம் இருந்தார். ரேடியோ வீட்டைச் சுற்றக் கிளம்பினாள். சும்மா இருப்பது அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

பின்கட்டில் ஒரு சாமான் அறை. உள்ளே போனதும் அவளுக்கே பேச்சு நின்றது. சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள். தட்டு முழுக்க டின்கள். ஆணி, திருகாணி, வாஷர், பல்பு, கயிறு. ஒவ்வொரு டின்னும் லேபிள் முன்பக்கம் தெரிய, ஒரே கோட்டில் நின்றது. பெரியவர் நாற்பது வருஷம் ஓர் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் என்று வக்கீலம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

ஒரு டின்னை எடுத்து லேபிளை நகத்தால் தடவினாள். தடிமனாக இருந்தது. அட்டை மாதிரி. ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தால் லேபிளுக்குக் கீழே ஒரு லேபிள், அதற்குக் கீழே இன்னொன்று. மேலே 'வாஷர்'. அடியில் 'ஆணி, சிறியது'. அதற்கும் அடியில் 'பட்டன், வெள்ளை'.

டின்னோடு ஓடி வந்தாள். "சார், இந்த மனுஷன் ஒரு லேபிளைக்கூடக் கிழிச்சதில்ல. மாத்தணும்னா மேலயே ஒட்டியிருக்கார். ஒரு டின்னுல பதினோரு லேபிள். டின்னைவிட லேபிள் கனமா இருக்கு."

நிதானம் எழுந்திருக்காமலேயே தையல் மெஷினைக் காட்டினார். சிவப்பு ஸ்டிக்கர் தனியாக ஒட்டியிருந்தது. அதன் அடியில் பச்சை இல்லை. பக்கத்தில் தூசுக்கு நடுவே வட்டமாக ஒரு சுத்தமான இடம். அங்கிருந்ததை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். சுரண்டிய பிசுபிசுப்புகூட அப்படியே இருந்தது.

"கடிகாரத்தைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன். எல்லாம் இப்படித்தான்," என்றார் தாழ்ந்த குரலில். "கிழிச்சுட்டு ஒட்டினது. புத்தி மறந்து போகும் ரேடியோ. நாற்பது வருஷக் கை மறக்குமா?"

ரேடியோ டின்னைத் தரையில் வைத்தாள். அப்படியானால் ஒரு கிழவரைச் சுற்றிலும் அவர் வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வைத்து, உனக்குப் பைத்தியம் என்று யாரோ மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"மகன்தான் சார். இதுல என்ன துப்பறியணும்? கோப்புக்கு அட்டை போட்ட அன்னிக்கே மாட்டிக்கிட்டான்."

"இருக்கலாம். கோப்புல முப்பதாவது போட்டோவைப் பார்த்தியா?"

முப்பதாவது போட்டோ, பெரியவரின் படுக்கையறை அலமாரி. ஆளுயரத்துக்கு மேல், முழுக்கத் தடித்த மரம். ஸ்டிக்கர் அதன் முதுகில். முதுகோ சுவரை ஒட்டி இருந்தது.

ரேடியோ தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அலமாரி அசையவில்லை. "இது அலமாரி இல்ல சார், அஸ்திவாரம்."

நிதானம் மகனைக் கூப்பிட்டார். "இந்த ஸ்டிக்கரை நான் நேர்ல பார்க்கணும். கொஞ்சம் நகர்த்திக் காட்டறீங்களா?"

"ஒருத்தரால முடியாது சார்."

"அப்ப அப்பா எப்படி நகர்த்தினார்?"

"புத்தி பேதலிச்சவங்களுக்கு எங்கிருந்தோ பலம் வரும்னு சொல்வாங்க," என்றான் மகன். குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. அடுத்த அறையில் தகப்பன் காதில் விழும் தூரத்தில் இருந்தார்.

"இருக்கட்டும். எனக்கு முதுகு வலி. இந்த அம்மாவால ஆகாது. உங்க தங்கச்சி ஒரு கை கொடுப்பாங்களா?"

மகள் வந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை, அவன் எதுவும் சொல்லவும் இல்லை. நேராக இடது பக்கம் போய் நின்றாள். இரண்டு பேரும் குனிந்தார்கள். அவள் வலது பாதத்தை அலமாரியின் முன்காலை ஒட்டி அணைப்பாகக் கொடுத்தாள். அலமாரி ஒரே சீராக ஓரடி முன்னால் வந்து நின்றது.

ரேடியோ ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவள் வீட்டில் போன மாதம்தான் பீரோவை நகர்த்தினார்கள். கணவனும் அவளும், "இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இல்ல, என் காலு, இறக்காதே, ஐயோ தூக்கு" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தித்தான் அது நகர்ந்தது. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கே அந்தக் கதி. இங்கே பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பேர், ஒன்று இரண்டுகூட எண்ணாமல் நகர்த்திவிட்டார்கள்.

நிதானம் வக்கீலம்மா கொடுத்த பட்டியலைப் பிரித்தார். பெரியவர் கையால் எழுதியது. பொருள், இருக்கும் இடம், நிலை என்று மூன்று கட்டம். "அலமாரி. நாலு காலும் உறுதி," என்று படித்தார். "ஆறு மாசத்துக்கு முன்னாடி எழுதினது. இப்ப முன்கால் ஆடுது. ஆடுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்மா? பார்க்கறதுக்கு முன்னாடியே காலைக் கொடுத்தீங்களே."

மகள் தன் பாதத்தைப் பார்த்தாள். அது இன்னும் அலமாரிக் காலை ஒட்டியே இருந்தது.

"காலைல துடைக்கறப்போ கவனிச்சிருப்பா," என்றான் மகன் சட்டென்று. அதுவரை தங்கச்சியோடு பேசாதவன் இப்போது தங்கச்சிக்காகப் பேசினான்.

நிதானம் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நன்றி," என்று மட்டும் சொன்னார்.

கூடத்துக்கு வந்தபோது மணி நாலாகப் பன்னிரண்டு நிமிஷம். ஒருத்தர் துரோகி, இன்னொருத்தர் அப்பாவி என்று நினைத்துத்தான் ரேடியோ வந்திருந்தாள். காலையில் குளிப்பாட்டிவிட்ட கையும் ஸ்டிக்கரைச் சுரண்டிய கையும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது அவளுக்கு அந்த வீட்டில் நிற்கவே பிடிக்கவில்லை.

நிதானம் பெரியவர் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

பெரியவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அலமாரி கால் உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு தம்பி. நான் தூங்கறேன்னு நினைச்சாங்க. அவன் 'மெதுவா'ன்னான். அவ 'சரிண்ணா'ன்னா."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"ஒருத்தர் பண்ணியிருந்தா திருட்டுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணா என்னன்னு சொல்றது?" அவர் சட்டைப் பையிலிருந்த அளவுகோலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "அடிச்சுக்கக் கூடாதுன்னுதான் பங்கு பிரிச்சேன். அடிச்சுக்கல. நல்லா ஒத்துமையாத்தான் இருக்காங்க."

ரேடியோ நாற்காலி அருகே குனிந்தாள். "ஐயா, டாக்டர் வந்ததும் நாங்க எல்லாத்தையும் சொல்லிடறோம். டின், அலமாரி, எல்லாம் கையில இருக்கு. அவர் எழுதமாட்டார்."

"கூடாது," என்றார் பெரியவர். முதல் தடவையாக அவர் குரல் கிடங்கில் ஆட்களை வேலை வாங்கிய குரலாயிற்று. "நீங்க சொல்லக் கூடாது. யார் சரக்கை யார் எடுத்தாங்களோ அவங்க வாயால சொல்லணும். அதுக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா எனக்குக் கையெழுத்து எதுக்கு? யாருக்காகப் போடணும்?"

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. நிதானம் ரேடியோவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அவள் வாழ்க்கையில் வாங்கிய தண்டனைகளிலேயே அதுதான் கடுமையானது.

டாக்டர் இளைத்த, களைத்த மனிதர். நாள் முழுக்க இதே வேலை போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். மகன் அவருக்கு வலப்பக்கம், கோப்போடு. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்றீங்களா ஐயா?"

பெரியவர் சொன்னார். தேதியும் சேர்த்துச் சொன்னார்.

"இது யார் வீடு?"

"என் வீடு. அம்புக்குறி போட்டவனைக் கேட்டா வேற சொல்வான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பெரியவர் இரண்டில் கொண்டுபோய் நிறுத்தி, "மிச்சம் ரெண்டு," என்றார். மகனின் விரல்கள் கோப்பின் ஓரத்தைத் தட்டத் தொடங்கின.

"ரொம்ப நல்லது. கடைசியா ஒண்ணு. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

பெரியவர் முதல் தடவையாக ஜன்னலை விட்டுத் திரும்பினார். மகனைப் பார்த்தார். அவசரமில்லாமல், தட்டில் இருக்கும் சரக்கைச் சரிபார்ப்பவர் மாதிரி. பிறகு மகளைப் பார்த்தார். அங்கே இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

"என்ன ஐயா?"

"பிள்ளைங்க இல்ல."

கோப்பைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மகன் விட்ட மூச்சு ரேடியோவுக்குக் கேட்டது. அதில் துக்கம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. டாக்டர் ஒரு முறை அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் படிவத்தில் குனிந்தார். அவர் பேனா எழுத ஆரம்பித்தது. ரேடியோ புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். நிதானம் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முழங்காலைப் பிடித்திருந்த கை மட்டும் வெளுத்திருந்தது.

"எழுதாதீங்க."

மகள்தான். கதவு நிலையை விட்டுவிட்டு நடந்து வந்தாள். "எழுதாதீங்க டாக்டர். அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. ஸ்டிக்கரை நாங்கதான் மாத்தினோம். அலமாரியை நான் இந்தப் பக்கம் பிடிச்சேன். காலு உடைஞ்சது என்னாலதான்."

"வாயை மூடு," என்றான் மகன்.

"மூடமாட்டேன். ரெண்டு வருஷமாப் போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு பதறுது. விழுந்துட்டாரோ, அடுப்பை அணைக்காம விட்டுட்டாரோன்னு. முடியலண்ணா, முடியலன்னு உன்கிட்டதான் சொன்னேன். நீதான் இதைச் சொல்லிக் கொடுத்தே. வீட்டை வித்துடலாம், அப்பாவை ஹோம்ல நல்லாப் பார்த்துப்பாங்கன்னே. எனக்கு வீடு வேண்டாம், தூக்கம் வேணும்னுதான் தலையாட்டினேன்." அவள் தகப்பனின் காலடியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, தெனம் குளிப்பாட்டறப்போ சொல்லிடணும்னு நினைப்பேன். உங்க முதுகைப் பார்த்தா வாய் வராது."

மகன் தங்கச்சியைப் பார்த்தான், நிதானத்தைப் பார்த்தான், கடைசியில் டாக்டரைப் பார்த்தான். "உணர்ச்சிவசப்பட்டு உளர்றா டாக்டர். நீங்க அப்பா சொன்ன பதிலை எழுதிக்கோங்க. பிள்ளைங்களே இல்லைன்னார், உங்க காதாலயே கேட்டீங்க."

டாக்டர் படிவத்தை ஒரு தரம், பெரியவரை ஒரு தரம் பார்த்தார். "ஐயா, அந்தப் பதில்..."

"எழுதிட்டீங்களா?" என்றார் பெரியவர்.

"எழுதிட்டேன். கிழிச்சுட்டு வேற தாள்ல..."

"வேண்டாம். தாளைக் கிழிக்காதீங்க. அதுமேல ஒரு கோடு போடுங்க. மேலயே எழுதுங்க." அவர் மகளின் தலையைத் தொடவில்லை. தன் பையிலிருந்த அளவுகோலை எடுத்து, கோடு நேராக வருவதற்காக டாக்டரிடம் நீட்டினார்.

"என்னன்னு எழுதட்டும்?"

"ஒண்ணு," என்றார் பெரியவர். "அதுவும் இப்பதான் வந்து சேர்ந்துச்சு."